ஃபைபர் இருக்க ரேடியோவுல ஏன் போவுது?

கேள்வி: அண்ணே வணக்கம். மன்னார்குடியில கேபிளும் இன்டர்நெட்டும் நடத்துறோம். நீடாமங்கலத்துக்கு நேரா 1 ஜி ஃபைபர் ஒண்ணு, அது அறுந்தா பேக்கப்புக்கு மொட்டை மாடியில ரேடியோ, அதுபோக கூத்தாநல்லூர், கொரடாச்சேரி வழியா சுத்திப்போற ஃபைபரும் இருக்கு. எல்லாம் செகண்ட் ஹேண்ட் சிஸ்கோ ரவுட்டர், எந்த வழியில அனுப்பணும்னு கணக்குப் போடுற ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகால் ஓடுது. ஃபைபர் நல்லா இருக்கும்போதே பாதி ட்ராஃபிக் ரேடியோவுல போவுது, ராத்திரி எட்டு மணி ஆச்சுன்னா ஒரு வீட்டுல ஜோரா ஓடுது, பக்கத்து வீட்டுல சுத்திக்கிட்டே நிக்குது. வீடியோ பாத்து ரெஃபரன்ஸ் பேண்ட்வித்த மாத்தினேன், ஒண்ணும் ஆகல.
— வாசகர், மன்னார்குடி

பதில்: வீடியோவுல சொன்னது தப்பில்ல தம்பி, உங்க வியாதிக்கு அது பாதி மருந்துதான். ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு லிங்க்குக்கும் காஸ்ட்னு ஒரு நம்பர் வெச்சு, கூட்டினா கம்மியா வர்ற வழியத்தான் எடுக்கும். சிஸ்கோவுல அந்தக் காஸ்ட்ங்கிறது ரெஃபரன்ஸ் பேண்ட்வித்த போர்ட்டோட வேகத்தால வகுத்தா வர்ற நம்பர். ரெஃபரன்ஸ் மாத்தாம விட்டா 100 எம்பிபிஎஸ், அந்தக் காலத்துல 100 எம்பிபிஎஸ்ஸே பெரிய விஷயம். காஸ்ட் 1க்கு கீழ இறங்காதுங்கிறதால 100 எம்மும் 1 ஜியும் 10 ஜியும் எல்லாமே 1 தான். நீங்க 1,00,000ன்னு மாத்தியிருந்தா 10 ஜிக்கு 10, 1 ஜிக்கு 100, 100 எம்முக்கு 1000ன்னு பிரிஞ்சிருக்கும், அது சரி. ஆனா உங்க ரேடியோ எந்த போர்ட்ல செருகியிருக்கு? அதுவும் கிகாபிட் போர்ட்தானே, அப்ப ரவுட்டர் கண்ணுக்கு ரெண்டும் 1 ஜி, ரெண்டுக்கும் 100. மொட்டை மாடிக்குப் போற கேபிள் வரைக்கும்தான் அதுக்குத் தெரியும், அதுக்கு மேல காத்துல 150 போவுதா, தென்னை மட்டை மறைச்சு 60 போவுதான்னு அதுக்கு எங்க தெரியப்போவுது. மதகு அகலத்தப் பாத்து தண்ணி விட்டுட்டு, உள்ள வாய்க்கா தூர் வாராம கிடக்குறத பாக்காத மாதிரிதான் இது.

காஸ்ட் சமமா இருந்தா ஓஎஸ்பிஎஃப் ரெண்டு வழியிலயும் பிரிச்சு அனுப்பும், அதுவும் ஒவ்வொரு கனெக்‌ஷனா ஒரு வழியில தள்ளும், அதனாலதான் இந்த வீட்டுல ஜோரு, அந்த வீட்டுல சுத்தல்.

அதனால ரேடியோ இன்டர்ஃபேஸுக்கு காஸ்ட்ட கையால போடுங்க. நிஜமா 150 எம்பிபிஎஸ் தாங்கும்னா 1,00,000த்த 150ஆல வகுத்தா 666 வரும், நான்னா 700ன்னு போட்டுட்டுப் போயிடுவேன். ரேடியோ பாக்ஸ்ல அச்சடிச்ச வேகத்த நம்பாதீங்க, நீங்களே டெஸ்ட் பண்ணி வந்த நம்பர எடுங்க. இன்னொண்ணு, காஸ்ட் வெளிய போற திசைக்குத்தான். மன்னார்குடி ரவுட்டர்ல மட்டும் போட்டா டவுன்லோடு ஃபைபருக்கு வந்துரும், நீடாமங்கலத்துலேர்ந்து கிளம்புற அப்லோடு பழையபடி ரேடியோவுலயும் போவும். ரெண்டு முனையிலயும் போடணும். ரெஃபரன்ஸும் அப்படித்தான், எல்லா ரவுட்டர்லயும் ஒரே நம்பர். ஒண்ணுல மட்டும் மாத்தினா பாக்கெட் வட்டமா சுத்துற லூப் ஆகாது, ஆனா அந்த ரவுட்டர் மட்டும் தன் லிங்க் எல்லாம் 100ங்கும், மத்ததெல்லாம் 1ங்கும், அப்புறம் ட்ராஃபிக் எதுக்கு அந்தப் பக்கமே போவ மாட்டேங்குதுன்னு நீங்க தலைய பிச்சுக்குவீங்க. (நான் பிச்சுக்கிட்டிருக்கேன், மூணு நாளு.)

இப்ப கணக்குப் பாருங்க: நேர் ஃபைபர் 100, கூத்தாநல்லூர் வழி மூணு லிங்க் சேத்து 300, ரேடியோ 700. நேர் ஃபைபர ஜேசிபி அறுத்தா சுத்து வழி, அதுவும் போனாத்தான் ரேடியோ. பழைய ரிப் புரோட்டோகால்னா எத்தன ரவுட்டர் தாண்டணும்னு மட்டும் எண்ணும், ஃபைபர் அறுந்த உடனே நேரா ரேடியோவுல போயி விழுந்திருக்கும்.

கேள்வி: ட்ராஃபிக் ஏறினா காஸ்ட்டும் தானா ஏறுற மாதிரி ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணலாமா சார்? இதுவரை ஏன் யாரும் பண்ணல?
— மாணவி, தஞ்சாவூர்

பதில்: யாரும் பண்ணலன்னு யாரும்மா சொன்னா? இன்டர்நெட்டோட தாத்தா ஆர்பாநெட்டுலயே பண்ணிப் பாத்துட்டாங்க. 1979ல பாக்கெட் எவ்வளவு நேரம் தாமதமாவுதுன்னு அளந்து, பத்து செகண்ட் சராசரி எடுத்து அதையே காஸ்ட்டா வெச்சாங்க. லோடு கம்மியா இருக்கும்போது அருமையா ஓடுச்சு, லோடு ஏறினதும் ஆட்டம் கண்டுருச்சு. திருவையாறு ஆராதனை நேரத்துல கும்பகோணம் போறவன் எல்லாம், திருவையாறு ரோட்டுல கூட்டம்னு கேள்விப்பட்டு மொத்தமா பாபநாசம் ரோட்டுக்குத் திரும்பினா என்னாவும்? இது அடைச்சுக்கும், அது காலியாக் கிடக்கும், அந்த சேதி பரவினதும் எல்லாரும் மறுபடி அங்க. ட்ராஃபிக் இப்படியே ரெண்டு லிங்க்குக்கு நடுவுல ஊஞ்சலாடுச்சு.

1987ல கன்னா, ஜின்கின்னு ரெண்டு இன்ஜினியருங்க இத சரி பண்ணாங்க, அவங்க காஸ்ட்ட அளக்குறத விடல, அது ஏறுறதுக்கு ஒரு கடிவாளம் போட்டாங்க. எவ்வளவு லோடு ஆனாலும் சும்மா கிடக்குறப்ப உள்ள காஸ்ட்ட விட மூணு மடங்குக்கு மேல ஏறாது, ஒரே தாவலாவும் ஏறாது. ப்ராஜெக்ட் தாராளமா பண்ணுங்க, ஆனா அந்தக் கடிவாளம் இல்லாம ஒரு தடவ, போட்டு ஒரு தடவ ஓட்டி ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, வைவாவுல கேக்குறவங்க அதத்தான் கேப்பாங்க.

கேள்வி: ஒரு லிங்க்க வேலைக்காக நிறுத்தணும், கஸ்டமர் போன் வராம எப்படி?
— வாசகர், சீர்காழி

பதில்: கேபிள உருவுறதுக்கு முன்னாடி ரெண்டு முனையிலயும் காஸ்ட்ட 65535ன்னு போடுங்க, அதுதான் உச்சம். வேற வழி இருந்தா ட்ராஃபிக் தானா நகந்துரும், அந்த போர்ட்ல ட்ராஃபிக் எண்ணுற கவுன்ட்டர் ஓய்ஞ்சதும் உருவுங்க. வேலை முடிஞ்சு டீக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி பழைய நம்பர போட்டுருங்க.