கும்பகோணத்துல மண்டபம் வச்சிருக்கவர் ‘வேற மதத்துக்காரங்களுக்கு வாடகைக்கு விடமாட்டேன், அது என் மத உரிமை’ன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாதுங்க. எல்லாரும் அரசியலமைப்புச் சட்டத்தோட 25வது பிரிவு மத சுதந்திரம் தருதுன்னு நிறுத்திடறாங்க, ஆனா அந்தப் பிரிவே அடிப்படை உரிமைகள் பகுதியில இருக்கிற மத்த பிரிவுகளுக்கு உட்பட்டுதான்னு ஆரம்பிக்குது, அந்த மத்த பிரிவுகள்ல ஒண்ணு 15(2), கடை, ஓட்டல் மாதிரி இடங்கள்ல மதம், சாதி, பாலினம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாதுன்னு நேரடியா தனியாரையே கட்டுப்படுத்துது. ‘கடை’ன்னா பொருளோ சேவையோ தர்ற எல்லாரும்னு சுப்ரீம் கோர்ட் 2011ல விரிவா பொருள் சொல்லிருக்கு.

ஆனா அவர் மண்டபத்துல கறி சமைக்கக் கூடாதுன்னு போர்டு வைக்கலாம், ஏன்னா அது வர்ற எல்லாருக்கும் ஒரே விதி. சைவம் சமைக்கறோம்னு சொல்லி ஒரு முஸ்லிம் குடும்பம் வந்தா, பேரைக் கேட்டதும் ‘தேதி இல்லை’ன்னு சொல்றதுதான் தப்பு. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடையில வாங்கறவர் என்ன மதம்னு யாராவது கேக்கறாங்களா?

சாதி பார்த்து தீண்டாமையா மறுத்தா 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் (தீண்டாமைக்கு எதிரான சட்டம்) படி கிரிமினல் கேஸ், ஜெயில் உண்டு. மதம் பார்த்து மறுத்தா அப்படி நேரடி தண்டனைச் சட்டம் இல்ல, ஐகோர்ட்ல ரிட் (அடிப்படை உரிமையைக் காக்கச் சொல்ற மனு) போடணும், தஞ்சாவூர் மாவட்டம்னா மதுரைக் கிளை. சாதாரண குடும்பம் கல்யாண வேலையை விட்டுட்டு மதுரைக்கு அலையுமா, அதனாலதான் பல பேர் பேசாம வேற மண்டபம் தேடிடறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். போன்ல மறுத்தா திரும்ப வாட்ஸப்ல கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.