பழைய கணினியைப் பிணையத்தில் இணைக்க எந்த இயங்குதளம் எளிது?

கேள்வி: டாஸும் விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் 3.11-உம் உள்ள 486 கணினியும், சிஸ்டம் 7.5 இயங்கும் மேக்கின்டாஷும் என்னிடம் உள்ளன. வீட்டுப் பிணையத்தில் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற நெறிமுறை) வழியாகக் கோப்புகளை மாற்ற எதில் தொடங்கலாம்?

பதில்: திரை அமைப்பை மட்டும் பார்த்தால் மேக்கின்டாஷே முந்தும். ஆனால் இணைப்பு கிடைக்காதபோது கோளாறு எந்தப் படியில் உள்ளது என்பதைத் தெளிவாகக் காட்டுவது டாஸ் என்பதால், அதில் தொடங்குவதே நல்லது.

டாஸில் முதலில் பிணைய அட்டைக்குரிய பாக்கெட் டிரைவரை (டாஸ் நிரல்கள் அட்டையுடன் பேச உதவும் சிறு நிரலை) ஏற்ற வேண்டும். பெரும்பாலான டிரைவர்கள் ஏறியவுடன் அட்டையின் ஈதர்நெட் முகவரியைத் திரையில் காட்டும். காட்டாவிட்டால் ஐஆர்க்யூ (அட்டை செயலியின் கவனத்தைக் கோரும் தடம்), ஐஓ முகவரி (செயலி அட்டையை அணுகும் இடம்) ஆகிய அமைப்புகளைச் சரிபாருங்கள். பிறகு, மைக்கேல் புரூட்மேன் எழுதிய எம்டிசிபி என்னும் டாஸ் பிணைய நிரல் தொகுப்புக்கான உரைக்கோப்பில் அந்த டிரைவரின் குறுக்கீட்டு எண்ணை (நிரல்கள் டிரைவரை அழைக்கும் எண், வழக்கமாக 0x60) எழுதி, கோப்பின் இடத்தைச் சூழல் மாறியில் குறித்து, ஐபி முகவரியைத் தானாகக் கேட்டுப்பெறும் டிஎச்சிபி நிரலை இயக்கினால், கிடைத்த ஐபி முகவரி அதே கோப்பில் பதிவாகிவிடும். அமைப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் கண்ணெதிரே இருப்பதற்கு ஈடான வசதி வேறில்லை.

விண்டோஸில் இணைய நெறிமுறைகளுக்கான டிசிபி/ஐபி-32 தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். அதன் உரையாடல் பெட்டி எளிமையானதுதான். சிக்கல் அதற்குப் பின்னால் இருக்கிறது. விண்டோஸ் நிரல்கள் பிணையத்தை அணுகும் முறையை வகுத்து 1993-இல் வந்த வின்சாக் 1.1 வரையறையின்படி நிரல்கள் வின்சாக்.டிஎல்எல் என்னும் கோப்பையே அழைக்கின்றன. டிரம்பெட் உள்ளிட்ட ஒவ்வொரு டிசிபி/ஐபி தொகுப்பும் அதே பெயரில் தன் கோப்பை வைப்பதால், முன்பு நிறுவிய தொகுப்பின் நகல் எங்காவது எஞ்சியிருந்தால் நிரல் தவறான கோப்பைப் பற்றிக்கொள்ளும். ஆகவே வட்டு முழுவதும் தேடி, வேண்டாதவற்றின் பெயரை மாற்றிவிடுங்கள். விண்டோஸ் தனக்குரிய என்டிஐஎஸ் வகைப் பிணைய டிரைவர் வழியே அட்டையைக் கையாளும்போது பாக்கெட் டிரைவர் ஏற்றப்பட்டிருந்தால் இரண்டும் மோதும். எனவே பாக்கெட் டிரைவரை கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் சேர்க்காமல், டாஸில் வேலை செய்யும்போது மட்டும் ஏற்றுங்கள்.

மேக்கின்டாஷில் பழைய டிசிபி/ஐபி மென்பொருளான மேக்டிசிபியின் அமைப்புகளை மாற்றினால் பெரும்பாலும் மறுதொடக்கம் தேவைப்படும். உங்கள் கணினியில் 68030 அல்லது அதற்குப் பிந்தைய செயலி இருந்தால், சிஸ்டம் 7.5.3-க்கு உயர்த்தி மேக்டிசிபிக்குப் பதிலாக வந்த ஓபன் டிரான்ஸ்போர்ட்டைப் பயன்படுத்துங்கள். அதில் பல அமைப்புகளைச் சேமித்து, மறுதொடக்கமின்றி மாற்றிக்கொள்ளலாம்.

மேக்கின்டாஷ் நிரல்களை வெறும் கோப்பாக வேறு கணினிக்கு அனுப்பினால் அவற்றின் ரிசோர்ஸ் பகுதி (சின்னங்கள் போன்றவை உள்ள தனிப் பகுதி) தொலைந்துவிடும் என்பதால், அனுப்புமுன் எல்லாப் பகுதிகளையும் ஒரே கோப்பில் அடக்கும் பின்ஹெக்ஸ் அல்லது ஸ்டஃப்இட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.