படத்தைப் பாதியில் நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் செயற்கை நுண்ணறிவும் அரசியலும் பற்றிப் பேச 'கோடட் பயாஸ்' ஆவணப்படத்தைத் திரையிட நினைக்கிறோம். கம்ப்யூட்டர் தெரியாத பெரியவர்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்குப் புரியுமா? கட்சிச் சண்டையாகிவிடாதா?

பதில்: தாராளமாகப் போடுங்கள். ஷாலினி காந்தய்யா இயக்கி 2020இல் வந்த அந்தப் படத்தில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளரான ஜாய் புவோலம்வினி என்ற கறுப்பினப் பெண் கேமரா முன் உட்காருவார், முகம் கண்டறியும் மென்பொருளுக்கு அவர் முகம் தெரியாது, ஒரு வெள்ளை முகமூடியை மாட்டியதும் சட்டென்று கண்டுபிடித்துவிடும். அங்கேயே படத்தை நிறுத்துங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல், "ஏன் இப்படி?" என்று மட்டும் கேளுங்கள். நிறத்தை வைத்து ஒதுக்குவது என்னவென்று நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை, அவர்களே பேசுவார்கள்.

அப்புறம் காரணத்தைச் சொல்லலாம்: மென்பொருளைப் பழக்கிய புகைப்படங்களில் பெரும்பாலும் வெள்ளை நிற ஆண்கள். 2018இல் ஜாயும் டிம்னிட் கெப்ரு என்ற இன்னொரு ஆய்வாளரும் 3 நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளிர் நிற ஆண்களிடம் 1 சதவீதம்கூடத் தவறவில்லை, கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறியது.

கட்சிச் சண்டை வருமே என்ற பயத்துக்கும் படத்திலேயே மருந்து இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு வாடகைக் குடியிருப்பு. முகத்தைக் காட்டினால்தான் வாசல் கதவு திறக்கும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவர உரிமையாளர் திட்டமிட்டார். அங்கே ஏற்கெனவே கேமராக்கள் இருந்தன, இது போதாதா என்று குடியிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து மாநில வீட்டுவசதித் துறையிடம் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள், 2019இலேயே உரிமையாளர் திட்டத்தைக் கைவிட்டார். யார் முடிவெடுத்தது, யாரைக் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்ல வழி இருந்ததா? இந்த மூன்றும் அரசியல் கேள்விகள்தான், ஆனால் எந்தக் கொடியும் தேவைப்படாத கேள்விகள். பேச்சு திசை மாறும்போதெல்லாம் இங்கே திருப்புங்கள். தமிழ்நாடு காவல்துறையும் முக அடையாள மென்பொருள் பயன்படுத்துகிறது, அது உங்கள் மகனை வேறு யாரோ என்று தவறாகக் காட்டினால் எங்கே போய் முறையிடுவீர்கள் என்று கேட்டால் அறையில் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

சாட்ஜிபிடி வருவதற்கு முந்தைய படம், பழசு என்று கல்லூரிப் பிள்ளைகள் சொல்லலாம். சரி, சாட்ஜிபிடிக்கும் இதே மூன்று கேள்விகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, இந்தப் படம் ஒரு தரப்பில் நின்று பேசுகிறது, நிறுவனங்களின் குரலுக்கு இடம் மிகக் குறைவு. அதையும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள், யார் சொல்வது விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவதும் ஆவணப்படம் பார்ப்பதில் சேர்ந்ததுதான்.

படமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பேச்சுக்கும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். திரையிட அனுமதி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஐடி துறைக்காரர் யாராவது வந்தால் கடைசியில் பேசச் சொல்லுங்கள், அவர் முதலில் மைக் பிடித்தால் பெரியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.