சேர்த்தது ஐந்து பேர், நிலைத்தது ஒருவர்: பனியன் கம்பெனியில் திருநங்கையர் வேலை

கேள்வி: திருப்பூரில் 240 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். ஜூன் மாதம் ஐந்து திருநங்கையரைக் கைமடியாகவும் (டெய்லருக்குக் கை உதவி) செக்கிங்கிலும் சேர்த்தோம். மற்றவர்களுக்கு என்ன சம்பளமோ அதேதான் இவர்களுக்கும். ஆகஸ்ட்டில் ஒருவர்தான் மிச்சம். சண்டை இல்லை, புகார் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். மறுபடியும் ஆள் எடுக்கலாம் என்கிறார் முதலாளி. எங்கே தவறினோம்?

பதில்: வேலை தெரியாமல் யாரும் போகவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வேலை மேசையைச் சுற்றி இருப்பவற்றைத்தான் பார்க்க வேண்டும். முதலில் பணம்.

ஜூன் 3ஆம் தேதி சேர்ந்தவருக்கு முதல் சம்பளம் ஜூலை 7ஆம் தேதி என்றால், நடுவே 34 நாள். வேலையில் சேரும் வரை கடை கேட்டு, அதாவது கடைகடையாகப் போய்க் காசு கேட்டு, அன்றன்றைக்குக் கையில் காசு பார்த்தவர் அவர். வாடகை, சாப்பாடு, தண்டல் எல்லாமே அந்தத் தினக்காசில் ஓடியவை. குடும்பத்தை விட்டு வந்தவருக்கு அவசரத்துக்கு ஐந்நூறு கேட்க வீடு கிடையாது. இரண்டாம் வாரம் கை வறண்டதும் ஒரு நாள் மறுபடி கடை கேட்கப் போவார். அந்த ஒரு நாளில் வருகை ஊக்கத்தொகை போகும், சூப்பர்வைசரின் முகம் மாறும். மறுநாள் உள்ளே வரக் கூச்சம். சொல்லாமல் நிற்பது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு மருந்து அட்வான்ஸ் இல்லை. முதல் மாதம் கொடுத்த அட்வான்ஸை இரண்டாம் மாதச் சம்பளத்தில் பிடித்தால் அதே பள்ளம் நான்கு வாரம் தள்ளி வரும், அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம், உழைத்த கூலியை வாரா வாரம் சனிக்கிழமை கொடுங்கள். பீஸ் ரேட் ஆட்களுக்குத் திருப்பூரில் காலங்காலமாக நடக்கும் வழக்கம்தான் இது. உங்கள் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக இருக்காது. மூன்றாம் மாதத்திலிருந்து, அவர்கள் சரி என்றால், மாதச் சம்பளத்துக்கு மாற்றலாம்.

அடுத்தது தங்குமிடம். 2017 ஜூனில் கொச்சி மெட்ரோ 23 திருநரை வேலைக்கு எடுத்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. சில நாட்களிலேயே எட்டுப் பேர் விட்டுப் போனார்கள். சொன்ன காரணம், யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை, லாட்ஜ் செலவு சம்பளத்தைத் தின்றது. உங்கள் ஊரிலும் இதுதான் நிலைமை. ஆள் எடுப்பதற்கு முன்பே அறைகளைப் பிடியுங்கள். வாடகை ஒப்பந்தம் கம்பெனி பெயரில் இருந்தால் வீட்டுக்காரருக்கும் துணிவு வரும். குடியிருப்பு வீட்டுக்குப் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறை கம்பெனி வேன் போகும் தடத்திலேயே இருக்கட்டும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு மேல் ஒரு திருநங்கை தனியாக ரோட்டில் நடந்தால் வழியில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். வேனும் கழுத்தில் கம்பெனி அட்டையும் அந்த அவமானத்திலிருந்து காப்பாற்றும்.

இப்போது உங்கள் கேட்டுக்குப் போய் விரல் வைக்கும் மெஷினைப் பாருங்கள். விரல் வைத்ததும் திரையில் என்ன பெயர் வருகிறது? ஆதாரில் இருக்கும் பழைய ஆண் பெயர் என்றால், பின்னால் வரிசையில் நிற்கும் இருபது பேரும் அதைப் படிக்கிறார்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மத்தியானத்துக்குள் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். வேலையை விடுவதற்கு இது சின்னக் காரணம் என்று நினைக்க வேண்டாம். மெஷினில் காட்டும் பெயரையும் சம்பளப் பட்டியல் பெயரையும் பணியாளர் எண்ணால் இணைத்துவிட்டு, திரையில் அவர் சொல்லும் பெயரைப் போடச் சொல்லுங்கள். கழுத்து அட்டை, லைன் பலகை, கேன்டீன் டோக்கன் எல்லாவற்றிலும் அதே பெயர். சட்டப் பெயர் பிஎஃப், இஎஸ்ஐ, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு மட்டும். அதைப் பார்க்க வேண்டியவர் கணக்குப் பிரிவில் ஒருவர்தான்.

ஆவணங்களை மாற்ற விரும்புகிறவருக்கு வரிசை முக்கியம். மத்திய அரசின் திருநர் இணையதளம் வழியாக விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழ் முதலில். அதை வைத்து ஆதார். பிறகு பான், வங்கிக் கணக்கு, கடைசியில் பிஎஃப். ஆதாரில் பாலினத்தை ஒரு முறையும் பெயரை இரண்டு முறையும்தான் பொதுவாக மாற்ற விடுவார்கள். எழுத்துப்பிழையோடு அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கக் கூடாது. புதிய பெயரின் எழுத்துகளை ஒரு தாளில் அவரையே எழுதச் சொல்லி, எல்லா விண்ணப்பத்திலும் அதையே பார்த்து நிரப்புங்கள். ஏற்கெனவே பிஎஃப் பழைய பெயரில் ஓடுகிறது என்றால் அதையும் திருத்த வேண்டும். ஆதாரோடு சரிபார்த்த கணக்குகள் பலவற்றில் தொழிலாளியே இணையத்தில் திருத்தலாம், மற்றவற்றுக்குத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், வேலையை விடும்போது பணம் எடுக்க முடியாமல் பெயர் முரண்பாட்டில் சிக்கும். இதற்காக ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஆதார் மையத்துக்கும் அலைய வேண்டிய நாட்களை சம்பளத்தோடு விடுங்கள். சான்றிதழ் வந்தால்தான் வேலை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கழிவறை விஷயத்தில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். 'திருநங்கையர்' என்று பலகை மாட்டி, பின்புறம் குடோன் பக்கம் தனியாகக் கட்டுவதும் வேண்டாம். டீ இடைவேளை பத்து நிமிஷம். போகவர எட்டு நிமிஷம் ஆகும் கழிவறைக்கு யாரும் போக மாட்டார்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு மூத்திரத் தொற்று சாதாரணமாக முடியாது, வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடும். லைனுக்குப் பக்கத்திலேயே உள்தாழ்ப்பாளோடு ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கழிவறை இரண்டை யார் வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்துவிடுங்கள். பெண்கள் கழிவறைக்குப் போகும் திருநங்கையைத் தடுக்கவும் கூடாது.

சூப்பர்வைசர், மெக்கானிக், செக்யூரிட்டி, கேன்டீன்காரர் ஆகியோரை, ஆள் சேரும் முன்பே, அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். லைனில் மற்றப் பெண்களை அக்கா, வாங்க என்று கூப்பிட்டால் இவர்களையும் அப்படியே. உடம்பைப் பற்றியோ ஆபரேஷனைப் பற்றியோ கேள்வி கூடாது. செல்போனில் படம் எடுக்கக் கூடாது. இது பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவரும் முதலாளிக்கும் பொருந்தும். எல்லோரையும் ஒரே லைனில் ஒதுக்காமல், ஒருவரைத் தனியாகவும் விடாமல், இரண்டிரண்டு பேராகப் பிரித்து வையுங்கள்.

புகாருக்கு வருவோம். 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 9, வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்கிறது. பிரிவு 11 ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்கிறது. ஆள் எண்ணிக்கை வரம்பு எதுவும் வைக்கவில்லை. 2020 விதிகளின்படி அவர் 15 நாளில் விசாரிக்க வேண்டும், அறிக்கை வந்த 15 நாளில் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். திருநங்கை என்பதால் பள்ளி வேலையை இழந்த ஆசிரியை ஜேன் கௌஷிக்கின் வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. உங்கள் கம்பெனியில் அந்த அலுவலர் யார்? தயவுசெய்து புரொடக்ஷன் மேனேஜரை நியமிக்காதீர்கள். பாதிப் புகார் அவர் பிரிவிலிருந்துதான் வரும். பெயரையும் செல் எண்ணையும் தமிழில் எழுதி, பணி நியமனக் கடிதத்தோடு கையில் கொடுங்கள்.

ஹார்மோன் எடுப்பவருக்கு மருத்துவமனை நாள் வரும். அந்த நாளுக்கு வருகை ஊக்கத்தொகையைப் பிடிக்காதீர்கள். திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) உங்களிடம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கலாம், வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். மார்பை இறுகக் கட்டியிருப்பவரை அயர்னிங் மேசையின் சூட்டில் ஒன்றரை ஷிப்ட் நிறுத்தினால் மூச்சு முட்டும். இடமாற்றம் கேட்டால் காரணம் தோண்டாமல் கொடுங்கள்.

கைமடியாகவே வைத்திருந்தாலும் போய்விடுவார்கள். சேரும் நாளிலேயே, எத்தனையாவது மாதம் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார வைப்பீர்கள், டெய்லர் ஆனால் கூலி எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்.

புதிய ஆட்களுக்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகலாம். ஆனால் அதற்கு முன், விட்டுப் போன நால்வருக்கும் போன் செய்யுங்கள். பாக்கிச் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டு, "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், "எந்த நாள் வர முடியாமல் போனது, அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். இன்னும் உங்களிடம் வேலை பார்க்கும் அந்த ஒருவரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.