ரஷ்யாவோட பீட்டர் தி கிரேட் பத்தி கேளுங்க, சொல்றேன்

முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவை ஆண்ட இந்த ராஜாவை பத்தியே பல வருஷமா படிச்சிட்டு இருக்கேன், இன்னும் சலிக்கல. கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா வர்றேன்.

அண்ணா, தாடிக்கு வரி போட்டாராமே, நெஜமா?

நெஜம்தான் தம்பி. 1698ல வெளிநாட்டுல இருந்து திரும்பினதும், பாக்க வந்த பிரபுக்களோட தாடியை தன் கையாலயே வெட்டி விட்டார். 1705ல அதையே வரியாக்கிட்டார். பெரிய வியாபாரின்னா வருஷம் 100 ரூபிள், விவசாயிக்கு ஊருக்குள்ள ஒண்ணும் இல்ல, பட்டணத்து வாசலை தாண்டினா ஒரு கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்). கட்டினவங்களுக்கு ஒரு சின்ன செப்பு வில்லை குடுப்பாங்க, அதுல முகமே இருக்காது, மூக்கு, மீசை, தாடி மட்டும் பொறிச்சு மேல 'பணம் வாங்கியாச்சு'ன்னு போட்டிருக்கும். நமக்கு கேக்க வேடிக்கையா இருக்கு, ஆனா அந்த ஜனங்களுக்கு தாடிங்கறது ஆண்டவன் குடுத்த முகம். வரோனெஷ்ங்கற ஊர்ல ஒரு தச்சர், வழிச்ச தாடியை மடியிலயே வச்சிருந்து, செத்தா சவப்பெட்டில கூட வைக்கணும்னு சொன்னாராம்.

ராஜாவே கப்பல் பட்டறைல வேலை பாத்தாரா?

ஆமாங்க. 1697ல ராஜான்னு தெரியாம இருக்க பியோத்தர் மிகைலோவ்னு பேரை மாத்திட்டு, மேற்கு ஐரோப்பாவுக்கு கிளம்பினார். ஹாலந்துல ஜான்டாம்ல ஒரு வாரம்தான் இருக்க முடிஞ்சுது, ஆறடி எட்டங்குல ஆளு எங்க மறையறது, ஊரே வேடிக்கை பாக்க கூடிடுச்சு. அப்புறம் ஆம்ஸ்டர்டாம்ல டச்சு கிழக்கிந்திய கம்பெனி பட்டறைல நாலு மாசத்துக்கு மேல கோடாரி பிடிச்சார். டச்சுக்காரங்க கைப்பழக்கத்துலயும் கண் அளவுலயும்தான் கட்டறாங்க, வரைபடமும் கணக்கும் வேணும்னு இங்கிலாந்துக்கு போனார். எனக்கு இவர்கிட்ட ரொம்ப பிடிச்சதே இந்த பசிதான்.

சார், கிரிகோரியன் காலண்டரை கொண்டு வந்தது இவர்தானே? பரீட்சைக்கு படிக்கிறேன்.

இல்லம்மா. உலகம் படைச்சதுல இருந்து எண்ணி 7208னு போயிட்டு இருந்ததை நிறுத்தி, 1700 ஜனவரி 1ல இருந்து புது கணக்கு வச்சார், ஆனா அது பழைய ஜூலியன் காலண்டர். இப்ப நாம எல்லாரும் பாக்கற கிரிகோரியன் ரஷ்யாவுக்கு வந்தது 1918ல.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை சதுப்பு நிலத்துல எப்படி கட்டினாங்க?

1703ல ஆரம்பிச்சார். கல்லு கிடைக்காத இடம், அதனால உள்ள வர்ற கப்பலும் வண்டியும் கல்லு கொண்டு வந்தே ஆகணும். 1714ல நாட்டுல வேற எங்கயும் கல் கட்டடமே கட்டக்கூடாதுன்னு தடை போட்டார், கொத்தனாருங்க வேற வழியில்லாம இங்க வந்து சேர்ந்தாங்க.

பீட்டர் செஞ்ச இந்த மாத்தங்களால ஏழைங்களுக்கு என்ன கிடைச்சுது?

எல்லாரும் தாடியை கேக்கறாங்க, கேக்க வேண்டியது இதைத்தான். முன்னாடி வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி, அதனால ரெண்டு மூணு குடும்பம் ஒரே கூரைக்கு கீழ சேர்ந்துக்கும். பீட்டர் 1718ல ஆண் தலைங்களை எண்ண சொல்லி, 1724ல இருந்து தலைக்கு 74 கோபெக்னு வசூல் பண்ண ஆரம்பிச்சார், தொட்டில்ல கிடக்கற ஆண் குழந்தைக்கும் உண்டு, எண்ணினதுக்கு அப்புறம் ஒருத்தன் செத்துட்டா அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் அவன் பங்கை ஊர்ல மத்தவங்க கட்டணும். எல்லாம் ராணுவத்துக்கு. அதுக்கு மேல, 1705ல இருந்து ஊர் ஊரா ஆள் எடுத்தாங்க, போனவன் ஆயுசு முழுக்க சிப்பாய். பண்ணையடிமைங்க பாஸ் இல்லாம ஊரை விட்டு நகர முடியாது. அந்த தலைவரி 1880கள் வரைக்கும் இருந்துச்சு. கப்பல், பள்ளிக்கூடம், அரசு வேலைக்கு வச்ச 14 படி பதவி முறை எல்லாம் நானும் மதிக்கிறேன், ஆனா அதுக்கு காசு கட்டினது இவங்கதான்.

மகனையே கொன்னுட்டார்னு சொல்றாங்களே?

மகன் அலெக்சேய்க்கு அப்பாவோட வழி பிடிக்கல, 1716ல ஆஸ்திரியா பக்கம் தப்பிச்சு ஓடிட்டான். மன்னிக்கிறேன்னு நம்ப வச்சு கூட்டிட்டு வந்து, சாட்டையால அடிச்சு விசாரிச்சு, மரண தண்டனையும் விதிச்சாங்க, அதை நிறைவேத்தறதுக்கு முன்னாடியே 1718 ஜூன் 26ல கோட்டை சிறைல உயிர் போயிடுச்சு. மறுநாள், 1709ல போல்தாவாவுல ஸ்வீடன் படையை பீட்டர் ஜெயிச்சதோட வருஷ நாள். அந்த கொண்டாட்டத்தை பீட்டர் நிறுத்தல.