அயல்மண்ணில் அஞ்சலகம்: வாசகர் கேள்வி – பதில்

அஞ்சல் வரலாறு பற்றிச் சென்ற இதழில் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை பேரரசுக் காலத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டில் தபால் நிலையம் நடத்தியதைப் பற்றியும், அதை ஒட்டிய சர்வதேச ஒப்பந்தங்கள் பற்றியும்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கே: உலக அஞ்சல் ஒன்றியம் வருவதற்கு முன் வெளிநாட்டுக்குக் கடிதம் போடவே முடியாதா?

முடியும். ஆனால் கட்டணத்தைக் கணக்கிடுவதே பெரும்பாடு. அஞ்சல் ஒப்பந்தங்களை நாடுகள் இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு கடிதத்துக்கு வாங்கும் கட்டணத்தில் புறப்படும் நாட்டுக்கு ஒரு பங்கு, வழியில் உள்ள நாட்டுக்கோ கப்பலுக்கோ ஒரு பங்கு, போய்ச் சேரும் நாட்டுக்கு ஒரு பங்கு. ஒரே ஊருக்குப் போகும் கடிதமானாலும் எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். எடைப் படியும் ஒத்துப்போகாது: பிரிட்டன் அரை அவுன்ஸில் கணக்குப் பார்க்கும், பிரான்ஸ் ஏழரை கிராமிலும் பிறகு பத்து கிராமிலும் பார்த்தது. எழுத்தர்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் பங்கு பிரித்துப் பேரேட்டில் ஏற்ற வேண்டும்.

1863-ல் அமெரிக்கத் தபால் துறைத் தலைவர் மான்ட்கோமரி பிளேர் முயற்சியால் 15 நாடுகள் பாரிஸில் கூடின. பொதுக் கொள்கைகள் பேசப்பட்டன, கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வரவில்லை. ஜெர்மன் அஞ்சல் துறை அதிகாரி ஹைன்ரிக் ஃபொன் ஷ்டெஃபான் 1868-ல் முழுத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதால் அது தள்ளிப்போனது. கடைசியில் 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்டன. 1875 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் பொது அஞ்சல் ஒன்றியம் என்றிருந்த பெயர் 1878 பாரிஸ் மாநாட்டில் உலக அஞ்சல் ஒன்றியம் ஆனது. பிரிட்டிஷ் இந்தியா 1876 ஜூலை 1-ல் சேர்ந்தது.

ஒப்பந்தத்தின் சாரம் மூன்று விதிகள். உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே அஞ்சல் எல்லை. 15 கிராம் கடிதத்துக்கு அடிப்படைக் கட்டணம் 25 சென்டைம் (பிரெஞ்சு ஃபிராங்கில் கால் பங்கு). கட்டணம் வசூலித்த நாடு அதை முழுதாகத் தானே வைத்துக்கொள்ளும். போகும் கடிதத்துக்குப் பதில் கடிதம் வரும், கணக்கு தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. வழியில் உள்ள நாட்டுக்கு மட்டும் எடைப்படி கூலி உண்டு: தரைவழியில் ஒரு கிலோ கடிதத்துக்கு 2 ஃபிராங்க், தூரம் 750 கிலோமீட்டரைத் தாண்டினால் 4 ஃபிராங்க். கடிதம் கடிதமாகப் பங்கு பிரிக்கும் வேலை போய், பையை எடைபோடும் வேலை வந்தது. இந்த ஒப்பந்தத்தின் உண்மையான சாதனை இந்தக் கணக்கு ஒழிப்புதான் என்பது எங்கள் கருத்து.

கே: இவ்வளவு நல்ல ஒப்பந்தம் இருக்கும்போது, துருக்கியிலும் சீனாவிலும் அயல்நாட்டுத் தபால் நிலையங்கள் ஏன் இருந்தன?

இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, தேவை. ஒரு நாட்டில் நம்பகமான அஞ்சல் துறை இல்லாமலோ, அந்த நாடு ஒன்றியத்தில் சேராமலோ இருந்தால், அங்குள்ள வணிகர்கள் வெளிநாட்டுக் கடிதத்துக்கு வேறு வழி தேடத்தான் செய்வார்கள். இரண்டாவது, அதிகாரம். ஒட்டோமான் பேரரசில் (அன்றைய துருக்கி) அயல்நாட்டவருக்குத் தனிச் சலுகை தரும் பழைய உடன்படிக்கைகள் இருந்தன. சீனாவில் போரில் தோற்ற பிறகு திணிக்கப்பட்ட துறைமுக உடன்படிக்கைகள் இருந்தன. தேவை தீர்ந்த பிறகும் நிலையங்கள் மூடப்படாததற்கு இந்த இரண்டாவது காரணமே விடை.

சான்று கண்முன்னே இருக்கிறது. 1874-ல் பெர்னில் கையெழுத்திட்ட 22 நாடுகளில் ஒட்டோமான் பேரரசும் ஒன்று. ஆனால் அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆஸ்திரியா, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி ஆகியவற்றின் தபால் நிலையங்கள் அதற்குப் பிறகு இன்னும் 40 ஆண்டுகள் நடந்தன. இத்தாலியும் அங்கே தன் நிலையத்தைத் திறந்தது. ஜப்பான் 1877-ல் ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரிட்டன் தன் ஜப்பான் நிலையங்களை 1879 முடிவிலும் பிரான்ஸ் 1880-லும் மூடின. சியாம் 1885 ஜூலை 1-ல் சேர்ந்த அன்றே பாங்காக்கில் இருந்த பிரிட்டிஷ் நிலையம் மூடப்பட்டது. ஒன்றியம் கட்டணத்தைச் சீராக்கியது. இறையாண்மையை அது யாருக்கும் வாங்கித் தரவில்லை.

ஒட்டோமான் அஞ்சல் துறை சும்மா இருக்கவில்லை. 1901 மே மாதத்தில் அயல்நாட்டு அஞ்சல் பைகளைக் கைப்பற்றிப் பார்த்தது. தூதரகங்கள் கொதித்தெழுந்ததும் பின்வாங்க நேர்ந்தது. பிறகு வணிக வழியில் இறங்கியது. வெளிநாட்டுக் கடிதத்துக்கான தன் தபால்தலைகளில், தள்ளுபடியைக் குறிக்கும் 'பெஹியே' என்பதன் முதலெழுத்தான 'பி' அச்சடித்துத் தள்ளுபடி விலைக்கு விற்றது. சொந்த ஊரில் அயலாரோடு விலைப் போட்டி போட வேண்டிய நிலையில் ஓர் அரசின் தபால் துறை இருந்தது என்பதை அந்தச் சின்ன எழுத்து காட்டுகிறது.

கே: 1890-களின் கடைசியில் சீனாவின் உட்பகுதியிலிருந்து லண்டனுக்குக் கடிதம் எப்படிப் போனது?

சீனப் பேரரசு அஞ்சல் 1896 மார்ச் 20 அரசாணையால் உருவானது. சுங்கத் துறைத் தலைவர் ராபர்ட் ஹார்ட்டின் பொறுப்பில் 1897-ல் வேலையைத் தொடங்கியது. சீனா அப்போது ஒன்றியத்தில் இல்லை. அதனால் சீனத் தலைக்குச் சீன எல்லைக்குள் மட்டுமே மதிப்பு.

அனுப்புபவர் உறையில் இரண்டு வகைத் தலை ஒட்ட வேண்டும். துறைமுகம் வரையான உள்நாட்டுக் கட்டணத்துக்குச் சீனத் தலை; அங்கிருந்து லண்டன் வரைக்கு ஹாங்காங் தலை. சீன அஞ்சலகம் தன் தலையில் முத்திரை குத்தி, பையைத் துறைமுகத்துக்கு அனுப்பும். ஷாங்காயில் பிரிட்டிஷ் நிலையம் ஹாங்காங் தலையில் தன் முத்திரையைக் குத்திக் கப்பலில் ஏற்றும். பிரெஞ்சு, ஜப்பானிய நிலையங்கள் வழியாகப் போனால் அந்தந்த நாட்டுத் தலை. 1900-களின் தொடக்கத்தில் தனித்தனி ஏற்பாடுகள் வந்ததும் சீனத் தலையே போதும் என்றானது. 1914 மார்ச் 1-ல் சீனா ஒன்றியத்தில் சேர்ந்தது.

இரட்டைத் தலை உறை ஒன்று கையில் கிடைத்தால் முதலில் தேதிகளைப் பாருங்கள். சீன முத்திரைத் தேதி முந்தியும், துறைமுக நிலையத்தின் தேதி பிந்தியும் இருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்கள் அந்த ஊரின் தூரத்துக்குப் பொருந்த வேண்டும். இரண்டு தலையிலும் ஒரே நாள், ஒரே ஊர் முத்திரை என்றால் சேகரிப்பாளருக்காகச் செய்த உறையாக இருக்கலாம்.

கே: சொந்த நாட்டுத் தலையிலேயே வேறு நாணய மதிப்பை ஏன் அச்சடித்தார்கள்?

நாணய மாற்று வியாபாரத்தைத் தடுக்க. கான்ஸ்டான்டிநோபிளில் பிரிட்டிஷ் நிலையம் முதலில் சாதாரண பிரிட்டிஷ் தலைகளையே உள்ளூர்ப் பணத்துக்கு விற்றது. உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு சரிந்தபோது, தலைகளை அங்கே மலிவாக வாங்கி லண்டனுக்கு அனுப்பி லாபத்தில் விற்கத் தொடங்கினார்கள். 1885 ஆகஸ்ட் 1 முதல் துருக்கிய நாணயத்தில் ஓவர்பிரிண்ட் (அச்சான தலையின் மேல் மறுபடி அடிக்கும் அச்சு) வந்தது: 2½ பென்னித் தலையில் 40 பாரா, 5 பென்னியில் 80 பாரா, 2 ஷில்லிங் 6 பென்னியில் 12 பியாஸ்டர். 40 பாரா ஒரு பியாஸ்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றுமே ஒரு பியாஸ்டருக்கு 2½ பென்னி என்றே வரும். அதுதான் ஒன்றியத்தின் 25 சென்டைமுக்கு இணை.

ஷாங்காயில் இருந்த அமெரிக்க அஞ்சல் முகமை 1919-ல் செய்ததும் இதே கதைதான். ஒரு சென்ட் தலையில் '2 சென்ட், ஷாங்காய், சைனா' என்று இரட்டிப்பு மதிப்பை அச்சடித்து உள்ளூர்ப் பணத்துக்கு விற்றார்கள். 1917-ல் ஹாங்காங் தலைகளில் 'சைனா' என்று அச்சடித்ததற்கும் அடிப்படை நாணய வேறுபாடுதான்.

கே: ஓவர்பிரிண்ட் இல்லாத தலை அயல்மண் நிலையத்தில் பயன்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓவர்பிரிண்ட் இருந்தால் அது அசலா என்று எப்படிப் பார்ப்பது?

ஓவர்பிரிண்ட் இல்லாத தலைக்கு முத்திரை ஒன்றே சாட்சி. பிரிட்டிஷ் தலையில் 'சி' என்ற எழுத்து முத்திரை விழுந்திருந்தால் கான்ஸ்டான்டிநோபிள், 'எஃப் 87' ஸ்மிர்னா, 'ஜி 06' பெய்ரூட். ஹாங்காங் தலையில் 'பி 62' (B 62) ஹாங்காங் நகரம், 'எஸ் 1' ஷாங்காய், 'ஒய் 1' யோகோஹாமா. இந்தியத் தலையில் 'பி 172' (B 172) சிங்கப்பூர். 1867 வரை அங்கே இந்தியத் தலைதான் புழங்கியது. எண்ணோ எழுத்தோ முழுதாக விழுந்திருக்க வேண்டும். பாதி விழுந்த '7' ஒன்றை வைத்துக்கொண்டு அரிய நிலையம் என்று விலை சொன்னால் வாங்காதீர்கள். தாளில் ஒட்டியபடி கிடைத்த தலையை உடனே தண்ணீரில் போட்டுப் பிரிக்கவும் வேண்டாம். தலைக்கு வெளியே தாளில் விழுந்த முத்திரையின் மிச்சம்தான் பல நேரம் ஊர்ப் பெயரைச் சொல்லும்.

ஓவர்பிரிண்ட் சோதனைக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அசலில் ஓவர்பிரிண்ட் முதலில், முத்திரை பிறகு. ஆகவே இரண்டும் குறுக்கிடும் இடத்தில் முத்திரை மை மேலே ஓட வேண்டும். சாதாரணமாகப் பயன்பட்ட தலையை எடுத்துப் பின்னால் அச்சடித்த போலியில் ஓவர்பிரிண்ட் மை மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டும் கறுப்பு மையாக இருந்தால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, எந்தக் கோடு உடையாமல் போகிறது என்று பாருங்கள். அடுத்து, முத்திரைத் தேதி அந்த ஓவர்பிரிண்ட் வெளிவந்த நாளுக்கு முந்தியதா என்று சரிபாருங்கள். பல போலிகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

1898-ல் ஜெர்மனி தன் தலைகளில் சாய்வாக 'சைனா' என்று அச்சடித்தது. சாய்வில் இரண்டு வகை: 56 டிகிரி, 45 டிகிரி. 45 டிகிரி அரிது, விலையும் மிக அதிகம். கண்ணளவை நம்பாதீர்கள், தலையின் அடி விளிம்பைப் பாகைமானியின் கோட்டோடு சேர்த்து வைத்து அளக்க வேண்டும். பல்விளிம்பு கோணலாக இருந்தால் அதை விட்டுவிட்டு, படத்தின் சட்டக் கோட்டை அடிப்படையாகக் கொள்ளுங்கள். இல்லையென்றால் அளவு சில டிகிரி தவறிவிடும்.

கே: என்னிடம் உள்ள பழைய உறையில் 'டி' (T) என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கின்றன. என்ன பொருள்?

கட்டணம் குறைவு என்று பொருள். எண் சென்டைமில் இருக்கும். உள்ளூர் நாணயம் எதுவானாலும் நாடுகளுக்கு இடையில் பேச்சு சென்டைமில்தான். அன்றைய விதி: எவ்வளவு குறைகிறதோ அதன் இரட்டிப்பைப் பெறுபவர் கட்ட வேண்டும்.

1895-ல் இந்தியாவிலிருந்து பிரான்சுக்கு 20 கிராம் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை அவுன்ஸுக்கு 2½ அணா. எடை அரை அவுன்ஸைத் தாண்டியதால் 5 அணா ஒட்ட வேண்டும். 2½ அணாதான் ஒட்டியிருக்கிறது. குறைவு 25 சென்டைம், பிரான்சில் வசூல் 50 சென்டைம். அதற்கு வரித் தலை ஒட்டி முத்திரை குத்துவார்கள். சில காலங்களில் குறைவை மட்டும் எழுதினார்கள், சில காலங்களில் இரட்டிப்பையே எழுதினார்கள். எனவே இரண்டு வகையிலும் கணக்குப் போட்டு, வரித் தலையின் மதிப்போடு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

கே: பல நாட்டுத் தலைகள் 1900-ஐ ஒட்டி ஒரே மாதிரி நிறம் மாறியது ஏன்?

உலக அஞ்சல் ஒன்றியத்தின் 1897 வாஷிங்டன் மாநாட்டின் முடிவு: அச்சுப் பொருளுக்குப் பச்சை, அஞ்சலட்டைக்குச் சிவப்பு, கடிதத்துக்கு நீலம். வெளிநாட்டு மொழி தெரியாத எழுத்தரும் நிறத்தைப் பார்த்தே கட்டணம் சரியா என்று சொல்லலாம். இந்தியாவில் பச்சையாக இருந்த 2½ அணாத் தலை 1900-ல் நீலமானது இதனால்தான். ஒரு அணா சிவப்பானது.

கே: பாண்டிச்சேரி முத்திரையோடு பிரிட்டிஷ் இந்தியத் தலை இருக்கிறது. பிழையா?

பிழை இல்லை. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் பிரிட்டிஷ் இந்திய அஞ்சல் நிலையங்களும் இருந்தன. சென்னை போன்ற ஊர்களுக்கான கடிதம் அந்த வழியே இந்தியத் தலையோடு போனது. பிரெஞ்சிந்தியாவுக்கென்று தனிப் பெயரிட்ட தலை 1892-ல்தான் வந்தது. 1923-ல் அதன் மேல் ஃபனோன், காஷ் மதிப்புகள் அச்சடிக்கப்பட்டன: 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய்.

கோவா நிலைமை வேறு. போர்ச்சுகீசிய இந்தியா 1871-ல் தலை வெளியிட்டாலும், 1877-ல் ஒன்றியத்தில் சேரும் வரை அதற்குத் தன் எல்லைக்கு வெளியே மதிப்பில்லை. வெளியூர்க் கடிதத்தில் பிரிட்டிஷ் இந்தியத் தலையையும் சேர்த்து ஒட்டினார்கள்.

கே: இந்த நிலையங்கள் எப்போது, எப்படி மூடப்பட்டன?

ஒட்டோமான் அரசு 1914 அக்டோபர் 1-ல் தனிச் சலுகைகளை ரத்து செய்தபோது நிலையங்களும் மூடப்பட்டன. முதல் உலகப் போர் முடிந்ததும் வென்ற நாடுகள் சிலவற்றைத் திரும்பத் திறந்தன. துருக்கியோடு செய்த 1923 ஜூலை 24 லொசான் உடன்படிக்கையின் 113-ம் பிரிவு அயல்நாட்டு அஞ்சலகங்கள் ஒழிந்ததை ஏற்றுக்கொண்டது.

சீனா குறித்து 1922 பிப்ரவரி 1 அன்று வாஷிங்டனில் கூடிய வல்லரசுகளின் மாநாடு முடிவெடுத்தது: 1923 ஜனவரி 1-க்குள் விலக வேண்டும், குத்தகைப் பகுதிகள் நீங்கலாக. சீன அஞ்சல் திறமையாக நடக்க வேண்டும், அதில் அயல்நாட்டு இணைத் தலைவரின் நிலை மாறக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். மூடும் வரை, சாதாரணக் கடிதம் தவிர்த்த மற்ற அஞ்சல் பொருள்களைச் சீனச் சுங்கம் சோதிக்க விட வேண்டும் என்றும் ஒரு பிரிவு உண்டு. பல ஆண்டுகளாகத் தீர்வை கட்ட வேண்டிய சரக்கு அஞ்சல் பொதிக்குள் சோதனையின்றி நுழைந்துகொண்டிருந்ததை அந்தப் பிரிவே ஒப்புக்கொள்கிறது. பிரிட்டன் 1922 நவம்பர் 30-லும், அமெரிக்காவும் ஜப்பானும் டிசம்பர் இறுதியிலும் மூடின.

மற்ற இடங்களில் இழுத்தது. எகிப்தில் அலெக்சாந்திரியா, போர்ட் சைத் பிரெஞ்சு நிலையங்கள் 1931 மார்ச் வரை நடந்தன. திபெத்தில் இந்தியா நடத்திய அஞ்சல் நிலையங்கள் 1954 உடன்பாட்டின்படி 1955 ஏப்ரல் 1-ல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டன. மொராக்கோவின் டாஞ்சியரில் பிரிட்டிஷ் நிலையம் 1957 ஏப்ரல் 30 வரை இருந்தது. மஸ்கட்டில் 1864-ல் இந்திய அஞ்சல் துறை திறந்த நிலையம் 1947 டிசம்பரில் பாகிஸ்தானிடமும், 1948 ஏப்ரல் 1-ல் பிரிட்டனிடமும் போய், 1966 ஏப்ரல் 29 அன்று மூடப்பட்டது.