குடும்பமாக நடத்தும் மர அறுவை மில் எப்படி வளர்கிறது? அடுத்த தலைமுறை அதை எடுத்து நடத்தலாமா?

தாராளமாக நடத்தலாம். ஆனால் தாத்தா காலத்தில் வளர்ந்த வழியில் இனி வளராது. செங்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மில் இருக்கிறது, நான் மூன்றாவது தலைமுறை. எனக்குத் தெரிந்த இந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

இங்கே இத்தனை மில்கள் வந்ததற்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகிற ஆரியங்காவுக் கணவாய்தான் காரணம். மலைக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் வீடு கட்ட மரம் கேட்கிற சமவெளி. 1904-லேயே கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடியது. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால் மலையாளத்தில் பேரம் பேசுவதும் இங்கே யாருக்கும் புதிதில்லை.

தாத்தா செய்தது கூலி அறுவை. வேம்பு, வாகை, பூவரசு என்று வீட்டில் வெட்டிய மரத்தை வண்டியில் கொண்டுவருவார்கள், அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்குவார். நஷ்டம் வராது, பெரிய லாபமும் வராது. அப்பா சொந்தமாகத் தடி, அதாவது அறுக்காத முழு மரம், வாங்கத் தொடங்கியபோதுதான் அது வியாபாரமாக மாறியது. ஆரியங்காவு, நிலம்பூர் பக்கம் வனத்துறை மரத்தை அடுக்கி வைத்து விற்கிற டிப்போ ஏலத்துக்குப் போவார். பணம் கட்டினால்தான் தடியைத் தூக்க விடுவார்கள். அது மில்லில் மாதக்கணக்கில் கிடக்கும். விற்ற பிறகும் ஆசாரிகளிடமும் வீடு கட்டுகிறவர்களிடமும் கடன் நிற்கும். இந்த இடைவெளியைத் தாங்குகிற முதல் இருந்தவர்கள் வளர்ந்தார்கள். வட்டிக்கு வாங்கித் தடி எடுத்தவர்களில் பலர் மில்லையே விற்றார்கள்.

லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தடியின் சுற்றளவை நாலாக வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவதுதான் எங்கள் கணக்கு. நாலடிச் சுற்று, பத்தடி நீளம் என்றால் 10 கன அடி. உண்மையில் அதில் சுமார் 12.7 கன அடி மரம் இருக்கும். மிச்சம் அறுவைச் சேதாரத்துக்கு. அந்தச் சேதாரத்தை யார் குறைக்கிறாரோ அவர் கையில் காசு நிற்கும். பழைய வட்ட ரம்பம் ஒரு வெட்டுக்கு 5, 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பட்டை போல ஓடுகிற ரம்பமான பேண்ட் சா 2, 3 மில்லிமீட்டரோடு விட்டுவிடும். ஒரு தடியில் எட்டு வெட்டுப் போட்டால் கிட்டத்தட்ட ஓர் அங்குலப் பலகை கூடுதலாகக் கிடைக்கும். அதனால் எங்கள் மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவருக்கும், எந்தப் பக்கம் திருப்பி அறுத்தால் வைரம் (நடுவில் இருக்கிற கெட்டி மரம்) வீணாகாது என்று பார்த்தே சொல்கிற மேஸ்திரிக்கும் உள்ள மரியாதை முதலாளிக்குக்கூடக் கிடையாது. அது நியாயமும்கூட.

அப்புறம் வந்தது கோதவர்மன் வழக்கு. நீலகிரியில் உள்ள கூடலூர்க் காட்டுக்காகக் கோதவர்மன் என்பவர் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவு, நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. 2002 அக்டோபரில், தான் அமைத்த மத்தியக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய மில்லுக்கு இடம் தரக் கூடாது என்றது. தொழில் படுத்துவிடும் என்று ஊரே பயந்தது. என்னைக் கேட்டால் அந்த உத்தரவு தேவையாகத்தான் இருந்தது. காடு போயிருந்தால் எங்கள் குளங்களும் போயிருக்கும்.

அதன் பிறகு தூத்துக்குடித் துறைமுகம்தான் எங்களுக்குக் காடு. பர்மா தேக்கு வந்துகொண்டிருந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் தடி ஏற்றுமதியை நிறுத்தியதும் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்து தோட்டத் தேக்கு கூடியது. அது சுற்று சிறியது, வெள்ளை (வைரத்தைச் சுற்றியுள்ள மென்மையான வெளி மரம்) அதிகம், அறுத்தால் கிடைக்கிற நல்ல மரம் குறைவு. வாடிக்கையாளரிடம் இதை மறைக்காமல் சொல்கிற கடைக்குத்தான் அவர் மகன் வீடு கட்டும்போதும் ஆள் வரும்.

இன்றைக்கு வெறும் அறுவையை நம்பி ஒரு மில்லில் இன்னொரு குடும்பமும் சேர்ந்து பிழைக்க முடியாது. மரத்தை உலர்த்தும் அறை போட்டு, கதவு நிலை, கதவு, ஜன்னல் என்று முடித்த பொருளாக விற்றால்தான் ஆகும். உலராத மரத்தில் செய்த கதவு அடுத்த கோடையில் இடைவெளி விட்டுக்கொண்டு நிற்கும், அதனால் அந்த அறை ஆடம்பரச் செலவு இல்லை. மரத்தூளும் விறகும் சூளைக்குப் போய்க் கரண்ட் பில்லில் ஒரு பங்கைக் கட்டிவிடும்.

நீங்கள் உள்ளே வருவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: மில்லை நடத்த வனத்துறை தந்த லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறது? நிலத்தையும் தடியையும் அண்ணன் தம்பிகள் பங்கு போடலாம், லைசன்ஸை இரண்டாக்க முடியாது. பெரியவர் இருக்கும்போதே கூட்டு வணிகமாக எழுதி, வனத்துறையில் பெயர் மாற்ற என்னென்ன தாள் கேட்கிறார்கள் என்று விசாரித்து வாங்கி வைத்துவிடுங்கள்.